இல்லாத நோய்க்கு ஊசி கேட்டேன்

2006ஆம் ஆண்டு, ஆடி மாதம். திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தேன். வயது நாற்பத்து மூன்று. தென்மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. திருமணம் செய்துகொள்ளவில்லை. லைன் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தேன்.

கம்பெனியில் ரத்ததான முகாம் நடந்தபோது நானும் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து எல்லோருக்கும் ரத்த வகை எழுதிய அட்டை வந்தது. எனக்கு மட்டும், ரத்த வங்கிக்கு நேரில் வரும்படி ஒரு கடிதம் வந்தது.

“அக்கா ரத்தம் எக்ஸ்போர்ட் குவாலிட்டி போல, அதான் தனியாக் கூப்பிடுறாங்க” என்று செக்கிங் மேசைப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் போனேன்.

அங்கிருந்த ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, என் ரத்தத்தில் சிபிலிஸ் இருப்பதாகச் சோதனை காட்டுகிறது என்றார். நான் விழித்ததைப் பார்த்து, “மேகநோய்ங்க” என்று குரலைத் தாழ்த்தினார்.

“வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் பழக்கம் உண்டுங்களா?”

“எனக்குக் கல்யாணம் ஆகல சார்.”

“அப்ப வேற யாராச்சும்…”

“யாரும் இல்ல சார்.”

அவர் பேனாவை மூடினார். “எல்லாரும் மொதல்ல அப்படித்தாங்க சொல்லுவாங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்குங்க, சரியாப் போயிரும்.”

அவர் கடுமையாகப் பேசவில்லை. அதனால்தான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று முதல் பொதுக் குழாயடிக்கு எல்லோரும் போன பிறகுதான் போனேன். மதியச் சாப்பாட்டை அட்டைப்பெட்டிகள் அடுக்கிய மூலையில் தனியாகச் சாப்பிட்டேன். தினமும் என்னிடம் தாவும் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்குவதை நிறுத்தினேன். அதன் தாய் இரண்டு நாள் பார்த்துவிட்டு, “எம் புள்ள என்ன அழுக்கா இருக்குதுங்களா?” என்று கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

திருப்பூர் வந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அத்தனையையும் தரையில் அடுக்கிவைத்துப் படிக்கத் தொடங்கினேன். இந்த நோய் எந்த வழியில் வந்திருக்கக்கூடும் என்று ஒரு வரியாவது அகப்படாதா என்று தேடினேன். ஷிப்மெண்ட் போன நாள், மழை பெய்த நாள், வாடகை ஏறிய மாதம், எனக்குக் காய்ச்சல் வந்த நாட்கள் எல்லாம் சரியாக இருந்தன. மாலையில் கடைசிப் பக்கத்தை மூடினேன். காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் என்றுகூட ஒருவரும் அதில் இல்லை. நோய்க்குக் காரணம் தேடப் போய் நான் கண்டது அதைத்தான்.

அதற்குப் பிறகும், அச்சடித்த தாள் பொய் சொல்லுமா என்று என்னையே சந்தேகப்பட்டேன். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தோல் நோய்ப் பிரிவில் என் வயதுள்ள ஒரு பெண் டாக்டர் இருந்தார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். யாரும் இல்லை என்றேன். “இல்லை” என்று சீட்டில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

“நான் சொன்னத நம்புதீங்களா டாக்டர்?”

“நீங்க சொன்னீங்க, நான் எழுதிக்கிட்டேன். அப்புறம் என்னங்க?” என்றவர், “வாயைத் திறங்க” என்றார். டார்ச் அடித்துப் பார்த்தார். “ஏனுங்க, ஈறு இப்படி வீங்கிக் கெடக்குது. பல்லு வெளக்கறப்ப ரத்தம் வருதுங்களா?”

“ரெண்டு வருசமா வருது. அது கெடக்கட்டும் டாக்டர், மொதல்ல அந்த ஊசியப் போட்டுருங்க.”

“வராத சீக்குக்கு எதுக்குங்க பெனிசிலின் ஊசி?”

என்ன வேலை என்று கேட்டார். செக்கிங் என்றேன்.

“ஒரு ஆள் ஒருவாட்டி பாத்ததுமே பனியனை ரிஜெக்ட்ல தூக்கிப் போட்டுருவீங்களா?”

“இல்ல டாக்டர். இன்னொரு ஆள் பாக்கணும்.”

“அப்புறம்? உங்களுக்கு மட்டும் ஒருவாட்டி போதுங்களா?”

பிறகு விளக்கினார். முதலில் செய்தது பொதுவான சோதனை. வேறு காரணங்களாலும் அது அப்படிக் காட்டலாம். அந்தக் கிருமிக்கென்றே தனிச் சோதனை உண்டு. அது சுருள் வடிவக் கிருமி. அதன் பங்காளிகள் ஈறு நோயிலும் இருக்கும். “அதனாலதான் இப்படிக் காட்டுச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேனுங்க. ஆனா பல் டாக்டரை அவசியம் பாருங்க” என்று சொல்லி, ரத்தம் எடுக்க அனுப்பினார்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. இல்லை. டாக்டர் படித்துப் பார்த்தார், தலையாட்டினார், அடுத்தவரைக் கூப்பிட்டார். பேருந்து நிலையத்தில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கெட்ட செய்தியை யாரிடமும் சொல்லாததால், இந்த நல்ல செய்தியைச் சொல்லவும் எனக்கு ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி பிறகும் தன் குழந்தையை என்னிடம் தரவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது.

ஈறு நான்கு மாத வைத்தியத்தில் ஆறிவிட்டது. சோதனையில் வந்த “இல்லை” எனக்கு விடுதலை தந்தது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பே, வேறெந்தச் சாட்சியும் இல்லாமல், என் சொல்லை மட்டும் வைத்து ஒருவர் எழுதிய “இல்லை”தான் இன்றும், யாரும் இல்லாத என் அறையில், எனக்குத் துணையாக இருக்கிறது.