மாஸ்டருக்குத் தெரியாத வாசம்

என் கணவர் பேகம்பூரில் பிரியாணி மாஸ்டர். மணத்தை வைத்தே தம் பதம் சொல்லிவிடுவார். பைக்கிலிருந்து விழுந்து பின்மண்டையில் தையல் போட்டுத் திரும்பியவர், அடுத்த வாரமே ஒரு கல்யாண பிரியாணியை அடிபிடிக்க விட்டுவிட்டார். "நெனப்பு எங்க இருக்கு?" என்று திட்டினேன்.

மறுநாள் கடைக்குப் போய்த் திரும்பினால் வீடெல்லாம் கேஸ் வாடை. அவரோ லைட்டரும் கையுமாக அடுப்பருகே நிற்கிறார். பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"இம்புட்டு வாடை அடிக்குது, தெரியலையா?"

"தெரியலையே புள்ள. விழுந்ததுலருந்தே எந்த வாசமும் தெரியல. பொழப்பு போயிருமேன்னுதான் சொல்லல."

தலையில் அடிபட்டால் வாசனை அறியும் நரம்பு பாதிக்கப்படலாமாம். திரும்புமா என்பது டாக்டருக்கும் உறுதியில்லை.

இப்போது சிலிண்டரை நான்தான் திறந்து மூடுகிறேன். சமையல் ஆர்டருக்கும் கூடவே போகிறேன். தம் பிரிக்கும்போது அவர் அண்டாவைப் பார்ப்பதில்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறார்.