படத்தில் சிரிக்கிறவர்

இடஒதுக்கீட்டு மறியல். உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் புளியமரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து பஸ் நகரவில்லை. மதிப்புரைக்கு வந்த புத்தகத்தை அலுப்போடு புரட்டுகிறேன். வெளிநாட்டுத் திராட்சை மலைகளையும் அங்கே ஒயின் தயாரிப்பவர்களையும் பற்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கரியாலூர்ப் பெண் ஒரு படத்தில் விரல் வைக்கிறாள். பீப்பாயருகே ஒருவர் நிற்கிறார். கீழே அவர் பெயரும் ஊரும்.

"இவுரு இன்னா பண்றாரு சார்?"

"திராட்சையில சாராயம் மாதிரி ஒண்ணு செய்யறாரும்மா."

"எங்க வூட்டுக்காரரையும் ஊறல் பானையோட நிக்கவெச்சு இப்பிடித்தான் போட்டோ புடிச்சாங்க. ஜெயில்ல கீறாரு. அவரப் பாக்கத்தான் போய்க்கினு இருக்கேன். நேரத்துக்குப் போவலன்னா உள்ள உடமாட்டாங்க."

வெளியே மரம் அப்படியே கிடக்கிறது. அவள் மறுபடி படத்தைப் பார்க்கிறாள்.

"சிரிக்கிறாரே சார், இவுருக்கு ஜாமீன் கெடச்சிடுச்சா?"