நாலு துறைக்கு ஒரு வேன்

"ஜீப்பெல்லாம் இங்கேயே நிக்கட்டும் சார். எல்லாரும் வேன்ல ஏறுங்க" என்று ஹாஃபிஸா நான்கு அதிகாரிகளை ஒரே வேனில் அடைத்துக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலை, நீர்வளம், மின்வாரியம், பஸ் கழகம். தன் வண்டியிலேயே பின்னால் வருவதாக மின்வாரியத்துக்காரர் சொல்லிப் பார்த்தார்.

"தனித்தனியா போனா ஆளுக்கொரு பாலத்தைப் பாத்துட்டு வருவீங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார்.

ஹாஃபிஸா தஞ்சாவூரில் நெடுஞ்சாலைத் துறை வரைவாளர். இருபத்தாறு வருட சர்வீஸ். கைப்பையில் ஸ்கேல், பேனா, அதிகாரிகள் முறைத்துக்கொண்டால் நீட்டுவதற்குக் கடலைமிட்டாய், ஒரு டப்பா கோலமாவு. மாவு பக்கத்து வீட்டு வள்ளியம்மை தருவது. "எங்க வாசல்ல கோலம் கிடையாதுங்க. கவர்மெண்ட் வாசல்லதான் போடுறேன்" என்பார்.

அந்த மாவுக்கு ஒரு கதை உண்டு. கீழ்வேளூர்ப் பக்கம் அகலப்படுத்த வேண்டிய ஒரு வாய்க்கால் பாலம். சாலைக்காரர்களுக்கு அது கிலோமீட்டர் கல் கணக்கு; வாய்க்கால்காரர்களுக்குத் தலைமதகிலிருந்து மைல் கணக்கு; மின்வாரியத்துக்குக் கம்பத்தின் நம்பர். மூன்றும் ஒரே இடம் என்று தெரியாமலே நான்கு வருடம் கடிதங்கள் போய்வந்தன. "பாதி லெட்டர் நான் எழுதுனதுதாங்க" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். அதன்பிறகு எந்த வேலையானாலும் இடத்துக்கே போய் மாவால் ஒரு வட்டம் போடுவார். எல்லோரும் அதற்குள் கால் வைத்த பிறகுதான் பேச்சு.

இன்றைக்கு வேன் போனது அதே பாலத்துக்கு. பாலம் குறுகல் என்பதால் பஸ் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டிலேயே திரும்பிவிடும். பாலத்தைத் தாண்டி முதல் வீடு சைத்தூன் பீவியுடையது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போக, அவர் அவ்வளவு தூரம் நடக்கிறார். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், பால வேலை அடுத்த கோடைக்குத்தான்.

"சைத்தூன் லாத்தாகிட்ட அடுத்த கோடைன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க" என்றார் ஹாஃபிஸா.

வட்டத்துக்குள் நான்கு ஜோடிக் கால்கள் இடித்துக்கொண்டு நின்றன.

"தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சிடுவீங்களா?" என்றார் நீர்வளத் துறைக்காரர்.

"கம்பத்தை நகத்திட்டா முடிச்சிடலாம்" என்றார் நெடுஞ்சாலைப் பொறியாளர்.

"பத்து நாள் குடுங்க." இது மின்வாரியம்.

பாலம் அகலமானால் பஸ் விடுவதாகக் கழகத்துக்காரர் ஒப்புக்கொண்டார். வாய் மூடுவதற்குள் ஹாஃபிஸா அத்தனையையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். துறை நான்கு, அவர் போட்டிருந்த கையெழுத்துக் கட்டம் ஐந்து.

"அஞ்சாவது யாருக்கும்மா?"

"இருக்கு சார்."

சைத்தூன் பீவி வாசலுக்கு வந்திருந்தார். "ஏம்மா, பஸ்ஸு எங்கே நிக்கும்?"

டப்பாவில் மிச்சமிருந்த மாவைத் தட்டி, ஹாஃபிஸா அந்த வாசலுக்கு எதிரே ஒரு வட்டம் போட்டார். பீவியின் கையைப் பிடித்து அதற்குள் நிறுத்தினார். பிறகு வரைபடத்தை விரித்து, ஐந்தாவது கட்டத்தின் ஓரம் விரலை வைத்துக்கொண்டு, பேனாவை நீட்டினார்.