மாமன் மடி

எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் போகும் நாளைக் கப்பல்காரர்கள் 'கடல் நாள்' என்பார்கள். பயணிகளுக்கு அது கொண்டாட்டம். இறங்கிச் சுற்ற ஊர் இல்லாததால் விடிந்ததிலிருந்தே நீச்சல் குளத்தில் ஊறிக் கிடப்பார்கள். அடித்தளத்துச் சலவைக் கூடத்தில் நிலவழகனுக்கு அன்றைக்கு இடுப்பு ஒடியும். ஈரத் துண்டுகள் மலையாக வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். ஜன்னலே இல்லாத கூடம் அது. கடல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்டால்கூட அவனுக்குச் சொல்லத் தெரியாது.

இன்று அரிமளத்தில் அவன் தங்கை சிவரஞ்சனியின் மகளுக்குக் காதுகுத்து. கூடப் பிறந்த தாய்மாமன் அவன் ஒருவன்தான். அவன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். போன மாதமே ஊருக்குப் போயிருக்க வேண்டியவனை, மாற்று ஆள் வரவில்லை என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஏற்கெனவே தேதியைத் தள்ளிவைத்த தங்கை புகுந்த வீட்டார், இனி முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிவரஞ்சனிதான் வழி சொன்னாள்.

"மணையில போனை வச்சுருவோம்ணே. ஒன் எடத்துல வேற ஆளை ஒக்கார விடமாட்டேன்."

தோடும் பட்டுப்பாவாடையும் அனுப்பினான். அரைமணி நேர ஓய்வுக்காகச் சூப்பர்வைசரிடம் கெஞ்சி, இன்னொருவன் வேலையையும் தலையில் ஏற்றிக்கொண்டான்.

மேலே பயணிகள் படம் அனுப்பித் தள்ள, கீழே ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தில் இவனுக்கு நெட் சொட்டுச் சொட்டாக வந்தது. ஒருவழியாகக் கோயில் வாசல் தெரிந்தது. மணை தெரிந்தது. மணையில் சித்தப்பா மகன் திருமுருகன் உட்கார்ந்திருந்தான். வரப்புத் தகராறில் இவர்கள் வீட்டு வாசலையே மிதிக்காமல் இருந்தவன். இப்போது கழுத்தில் ரோஜா மாலை, தலையில் உருமாத் துண்டு.

"ரஞ்சனி, என்னடி இது?"

"சத்தம் போடாதண்ணே. புள்ள வீல்னு கத்துது. பிடிச்சுக்க ஒரு மடி வேணும்ல?"

அவள் மாமியார் புவனேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "போனுக்கு மடி இருக்கா தம்பி? இவரும் மாமன் மொறதானே. நீங்க அங்கிட்டு ஜம்முன்னு ஏசியில இருங்க, இங்கிட்டு நாங்க பாத்துக்கிறோம்."

யாரோ சிரித்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை அலறி, திருமுருகனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்தது.

"ஒண்ணுமில்லடா தங்கம், மாமா இருக்கேன்ல" என்றான் திருமுருகன்.

ஒரு வாரமாக நிலவழகன் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை அது. படம் அப்படியே உறைந்து நின்றது.

நெட் திரும்பியபோது எல்லோரும் பந்திக்குப் போய்விட்டிருந்தார்கள். சொன்னபடி போன் மணையில்தான் கிடந்தது. பந்தல் துணி மட்டும் தெரிந்தது. அவன் இரண்டு தடவை கூப்பிட்டான். யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் சூப்பர்வைசர் நின்றார். "உனக்கு மாற்று ஆள் கிடைத்துவிட்டான். நாளை மறுநாள் துறைமுகத்தில் இறங்கி ஊருக்குப் போகலாம்."

"வேண்டாம் சார். இன்னொரு ஆறு மாதம் இருந்துகொள்கிறேன்."

"நேற்று வரைக்கும் அழுதாயே?"

அவன் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த ஈரக் குவியலை அள்ளப் போனான்.