தூங்குவதற்கென்றே ஓர் அறை

1958 ஏப்ரல் 9. ஜன்னல் வெட்டக் கூலி, ரூ. 4.00
மே 2. கண்ணாடி இரண்டு, ரூ. 3.50
மே 20. கட்டில், ரூ. 18.00
ஜூன் 6. சுண்ணாம்பு, நீலம், ரூ. 1.75
நவம்பர் 4. சுண்ணாம்பு, இரண்டாம் முறை, ரூ. 1.75
1959 ஜனவரி 20. சுண்ணாம்பு, மூன்றாம் முறை, ரூ. 1.75

கதவின் உட்புறம் கரியால் எழுதிய இந்த வரிகளுக்குப் பக்கத்தில் நின்றுதான் வேலப்பன் தினமும் காலையில் மோந்து பார்க்கிறார். மூன்று முறை. பிறகு ஜன்னலைத் திறக்கிறார். கேரட் பாத்திகள் மேல் கிடக்கும் பனி உள்ளே வரட்டும் என்று ஒதுங்கி நிற்கிறார். கட்டில் விரிப்பின் நான்கு மூலைகளையும் இழுத்துவிட்டு, அதில் உட்காராமல் வெளியே வந்து கதவைச் சாத்துகிறார்.

மன்னவனூரில் அதற்குமுன் ஜன்னல் வைத்த படுக்கையறை கிடையாது. படுக்கிற இடம் என்றால் விதைப்பூண்டு தொங்கும் இடம் என்று அர்த்தம். கொத்துக் கொத்தாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழே புகை போட்டு, அடுத்த விதைப்பு வரை காப்பாற்ற வேண்டும். அதனடியில்தான் பிள்ளை பெறுவதும் காய்ச்சலில் கிடப்பதும்.

வேலப்பனின் மனைவி முருகம்மாளுக்கு அந்தப் புகையில் இளைப்பு வந்தது. 1958 மார்ச்சில் பழனியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். புகையும் பூண்டு நெடியும் உள்ள அறையில் இனிப் படுக்கக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். “அப்படி ஒரு ரூம் இருந்தா வாறேன். இல்லன்னா இங்கனயே கெடக்கேன்” என்று சொல்லியனுப்பினார் முருகம்மாள்.

கொடைக்கானலில் ஒரு பங்களாவுக்குக் காய்கறி கொண்டுபோன போது வேலப்பன் அத்தகைய அறையைப் பார்த்திருக்கிறார். கட்டில், ஜன்னல், ஒரு கூஜா. வேறொன்றும் இல்லை. அந்த வெறுமைதான் அவருக்கு மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பூண்டை எல்லாம் இறக்கினார். கொல்லையில் கொட்டகை போட்டு அங்கே தொங்கவிட்டார். இரவில் புகை அணையக் கூடாது என்பதால், தாமும் கம்பளியோடு கொட்டகைக்குக் குடிபோனார்.

அண்ணன் மலைச்சாமி வந்து எட்டிப் பார்த்தார். “ஏலே, ஊர்ல மனுசன் பூண்டு வைக்க எடமில்லாம அலையுறான். நீ பனியப் படுக்க வைக்க ரூம் கட்டுறியாக்கும்?”

“ஒனக்குத் தெரியாத சோலி இது. வாசம் வருதான்னு மட்டும் சொல்லு.”

“ஒரு வாசமும் இல்ல.”

ஊரின் நாற்பது வீட்டுக்காரர்களும் வந்து மோந்து பார்த்து, இல்லை என்றே சொன்னார்கள். அதை நம்பி வேலப்பன் பழனிக்குக் கார்டு போட்டார். பொங்கலுக்கு முருகம்மாள் வந்தார். சாயங்காலத்துக்குள் இருமல் தொடங்கிவிட்டது. மறுநாள் வெள்ளனே உருளைக்கிழங்கு லாரியில் ஏறும்போது சொன்னார்: “ஒங்க யாரு மேலயும் குத்தமில்ல. இந்த ஊருக்கே மூக்கு செத்துப்போச்சு.”

அப்போதுதான் வேலப்பனுக்கு விஷயம் புரிந்தது. பூண்டு விளையாத ஊரின் மூக்கு வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் வரும் தபால்காரர் சேனாதிபதி பண்ணைக்காட்டுக்காரர், காபி வாசத்தில் வளர்ந்தவர், மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

“தம்பி, செத்த உள்ள வந்து படுத்துப் பாருங்க.”

“எனக்கு டூட்டி இருக்குங்க.”

“வெரசா எந்திரிச்சிரலாம்.”

ஜனவரி 27இல் சேனாதிபதி வாசலிலேயே தும்மினார். சுவரில் இல்லை, உத்தரத்தில் இருக்கிறது என்று கையைக் காட்டினார். வேலப்பன் உத்தரத்தை அரிவாளால் சுரண்டினார். சாம்பல் கரைத்த வெந்நீரால் கழுவினார், வேப்பிலை போட்டுத் தேய்த்தார். அடுத்த செவ்வாயும் தும்மல். மறுபடி சுரண்டல். இதற்கிடையே தபால்காரரின் மூக்கும் செத்துவிடக் கூடாதே என்ற கவலை வேறு. “ஊருக்குள்ள யார் வீட்டுலயும் ரசம் குடிச்சிராதீங்க” என்று வாரந்தோறும் எச்சரித்து அனுப்புவார்.

மார்ச் 10 அன்று தும்மல் வரவில்லை. குரலும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், சேனாதிபதி தொப்பியை நெஞ்சில் வைத்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தபாலுக்குக் காத்திருந்தவர்கள் வாசலில் சத்தம் போட்டார்கள். “எழுப்பாதீங்கப்பா” என்று வேலப்பன் கதவை மறித்து நின்றார். அன்றே கார்டு எழுதினார். அதில் ஒரே வரி: தபால்காரர் தூங்கிவிட்டார்.

அடுத்த செவ்வாய் சேனாதிபதி பதிலைக் கொண்டுவந்தார். முருகம்மாள் சொல்லச் சொல்ல மகள் எழுதியது. வேலப்பன் வாசலில் நின்று வாய்விட்டே படித்தார்.

“தபால்காரர் தூங்கினார்னா ரூமு சரியாத்தான் இருக்கும். நீங்க எங்க படுக்கீங்கன்னு எழுதலையே. நான் ரூம்லயும் நீங்க கொட்டகையிலயும் கெடக்குறதுக்கு நான் எதுக்கு மலையேறி வரணும்? ஒங்க கம்பளிக்கு வாசம் போயிருச்சா?”

இரண்டாம் முறை வாய்க்குள் படித்தார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பின்பக்கம் போய்க் கொட்டகையிலிருந்து கம்பளியை எடுத்துவந்து, கையை முழுதாக நீட்டித் தபால்காரரின் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

“தம்பி, இதையும் மோந்து பாருங்க.”

கதவில் அன்று ஏறிய வரியில் தொகை இல்லை:

1959 மார்ச் 17. கடிதம் வந்தது.