பாம்புப் புத்தகக்காரர்

பரந்தாமனுக்கு ஜனங்கள்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவர் கிளார்க். வேலை போக மிச்ச நேரத்தில், ஊருக்குப் புத்தி சொல்லும் சின்னப் புத்தகங்கள் எழுதுவார். காலராவைப் பற்றி எழுதினார், கிணற்றுத் தண்ணீரைப் பற்றி எழுதினார். சீந்துவாரில்லை. அறுபத்தெட்டில் எழுதின ‘பாம்புக்கடிக்கு மந்திரமில்லை’ மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. மூன்று வருஷத்தில் ஆறு பதிப்பு. கடிபட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ, அவ்வளவுதான் விஷயம். பூந்தமல்லியில் மேடை போட்டு மாலைகூடப் போட்டார்கள்.

வினையே அங்கேதான் ஆரம்பம். படித்தவர்கள் பத்துப் பேர் என்றால், அட்டையிலிருந்த நல்லபாம்பைப் பார்த்து வாங்கினவர்கள் தொண்ணூறு பேர். மஞ்சள் குங்குமம் வைத்து நிலைப்படிக்கு மேலே செருகிவிட்டார்கள். பாம்பு அண்டாதாம்! இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பம்மா என்பவள், வரப்பில் கடிபட்ட புருஷன் வேம்புலியைக் கட்டிலோடு கொண்டுவந்து அவர் வாசலில் இறக்கினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கய்யா என்று கத்தினார். தூக்கிவந்த ஒருத்தனும் அசையவில்லை. சாமி தொட்டு ரெண்டு வார்த்தை சொன்னால்தான் கட்டிலை எடுப்பார்களாம். புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். குப்பம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பரந்தாமன் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் வேம்புலிக்குக் கண் செருக ஆரம்பித்துவிட்டது.

என்னதான் செய்வார் மனுஷன்? வேம்புலியின் நெற்றியில் கை வைத்து, கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர் என்று ரயில் ஸ்டேஷன் பேர்களை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். ஊசி போட்டால்தான் இது பலிக்கும், ஓடுங்கள் என்று விரட்டினார். ஓடினார்கள். ஆள் பிழைத்துக்கொண்டான். எழுதினதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டோமே என்று பரந்தாமனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஓர் உயிர் தப்பித்ததே, போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த மாசம் குப்பம்மா மறுபடி வந்தாள், மாட்டுவண்டியோடு. உள்ளே அவள் தங்கச்சி எல்லம்மா படுத்திருந்தாள். பட்டாபிராமத்தில் விடிகாலையில் பாம்பு கடித்ததாம். இப்போது மணி ஒன்பது.

“வர்ற வழியில ஆவடியில ஆஸ்பத்திரி இருக்கே, போகலையா?” பரந்தாமன் வண்டியருகே ஓடினார்.

“அத்தத் தாண்டிக்கினுதான் வந்தோம் சாமி. எங்க ஊட்டுக்காரருக்குச் சொன்னியே, அத்த மொதல்ல இவளுக்குச் சொல்லிடு. அப்பால ஊசி போட்டுக்கிறோம்.”

பரந்தாமன் வண்டியில் ஏறி எல்லம்மாவின் கையைப் பிடித்தார். சில்லிட்டுப் போயிருந்தது.