ஏழு நாள் பாஸும் ஒரு போத்தல் அருவி நீரும்

மலைநாட்டின் பேரழகை நான் முதன்முதலாகக் கண்டது, இறங்க விடாமல் என்னைச் சுமந்து திரிந்த ஒரு பஸ்ஸின் இருக்கையிலிருந்துதான். உலக யுத்தம் முடிந்திருந்தும் அரிசிக் கூப்பன் முடியாதிருந்த ஆண்டுகள் அவை. உல்லாசப் பயணம் என்பதை எங்கள் கடற்கரை ஊரான எத்தாளையில் எவரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆயினும் எங்கள் கருவாட்டை வாங்கி விற்ற நுவரெலியாக் கடைக்காரர் ஒருவர், சித்திரை வெயிலுக்குத் தப்பித் தமது கடையின் பின்னறையில் ஒரு வாரம் தங்கிப் போகும்படி கடிதம் எழுதினார். வாப்பா, உம்மா, உம்மாவின் தம்பியாகிய என் மாமா, ஒன்பது வயதுச் சிறுமியாகிய நான் என நால்வரும் புறப்பட்டோம்.

என் தலையில் ஒரு பெரும் பொறுப்பு இருந்தது. என்னோடு குர்ஆன் ஓதிய பிள்ளைகளிடம், அருவித் தண்ணீர் ஒரு போத்தல் கொண்டு வருவதாக வாக்களித்திருந்தேன். தண்ணீர் கிணற்றில் கிடக்கும், களப்பில் கிடக்கும், கடலில் கிடக்கும். மேகமும் இல்லாமல் மழையும் இல்லாமல் மேலேயிருந்து ஓயாமல் விழுமா என்று அவர்கள் என்னைப் பரிகசித்திருந்தார்கள். ஆகவே வெறும் போத்தலொன்றைச் சீலையில் சுற்றி மடியில் வைத்தபடியே புகையிரதத்தில் மலையேறினேன்.

உம்மாவோ மடியில் ஒன்றும் இல்லாமல் வந்தார். ஊரில் அவர் வெளியே போவதென்றால் முன்னும் பின்னும் சீலை கட்டிய மாட்டு வண்டியில்தான் போவார். அதற்கும் முதலில் வாப்பாவிடம் கேட்க வேண்டும். வாப்பா எதையும் மறுப்பவர் அல்லர். "பாப்பம்" என்று மட்டும் சொல்வார். அந்தப் "பாப்பம்" சில வேளைகளில் ஒரு மாதம் வரை நீளும்.

நுவரெலியா வந்து சேர்ந்த மறுநாட் காலையிலேயே பஸ் நிலையத்தில் வாக்குவாதம் பிறந்தது. விடுமுறைக்கு வருவோருக்காக அங்கே ஓடிய பஸ் கம்பனி ஏழு நாள் பாஸ் கொடுத்தது. அதை எடுப்பதா, ஏறும் போதெல்லாம் டிக்கெட் எடுப்பதா? வாப்பாவும் மாமாவும் கருவாட்டுத் தொழிலில் ஒன்றாக நின்றவர்களாயினும் வாங்கும் முறையில் வேறானவர்கள். கரைவலை கடலில் கிடக்கும்போதே மாமா அதில் விழப்போகும் மொத்த மீன்பாட்டையும் விலை பேசிவிடுவார். வாப்பா வலை கரையேறியபின், கூடை கூடையாகக் கிளறிப் பார்த்தே எடுப்பார்.

"மச்சான், பாஸ் எடுத்தா ஏழு நாளும் எந்தப் பஸ்ஸிலயும் ஏறலாம். கேள்வியே இல்ல."

"ஏறுற அண்டைக்கி டிக்கெட் எடுப்பம். காணாத மீனுக்குக் காசு குடுக்கிறவன் நீ. நானில்ல."

"அதாலதானே மச்சானுக்கு எப்பவும் கடைசிக் கூடை கெடைக்கிது!"

கொண்டக்டர்மார் இருவர் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அப்போது முக்காட்டுக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, பாஸ் எண்டா ஒரு தரம் எடுத்தாப் போதுமா? பொறகு ஒவ்வொரு நடைக்கும் கேக்கத் தேவல்லையா?"

"ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவல்ல ராத்தா."

"அப்ப பாஸே எடுங்க."

தெருவில் நின்று உம்மா அபிப்பிராயம் சொன்னதை அன்றுதான் கேட்டேன். வாப்பாவும் அன்றுதான் கேட்டிருப்பார் போலும். வியப்பில் மறுக்க மறந்து போனார். எங்கள் மூவருக்கும் பாஸ், வாப்பாவுக்கு மட்டும் டிக்கெட் என்று தீர்ப்பானது.

முதல் நாள் வாப்பா ஒரேயொரு நடை எங்களோடு வந்தார். ஏறியதும், கண்ணாடியில்லாத ஜன்னலில் உம்மாவின் பக்கத்துப் படங்குத் திரையை இறக்கிக் கட்டினார். குளிர் தாங்காமல் அதன்பின் ஏழாம் நாள் வரை கடைக்காரரின் அடுப்படியைவிட்டு அவர் அசையவில்லை. நாங்கள் மூவரும் ஓடிக்கொண்டேயிருந்தோம். கந்தப்பளைக்குப் போனோம், ஹக்கலைக்குப் போனோம், இறம்பொடைக்குப் போனோம்; எங்கு போனாலும் அதே பஸ்ஸில் திரும்பினோம். மொத்தமாக எடுத்த பாட்டில் கடைசி நெத்தலி வரை அள்ளியாக வேண்டும் என்பது மாமாவின் தொழில் தர்மம். வளைவுதோறும் அவருக்குக் குமட்டியது. புளிப்பு மணத்துக்காகத் தேசிக்காயை மூக்கில் அழுத்தியபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாஸுக்கு நட்டம் வராமல் பயணம் செய்தார்.

"என்னாங்கய்யா, எங்க டிரைவர்கூட மத்தியானம் எறங்கிச் சோறு திங்கிறாரு. நீங்க எறங்கவே மாட்டீங்களா?" என்றார் கொண்டக்டர்.

இறம்பொடை அருவியை நான் ஆறு தரம் கண்டேன். ஆறு தரமும் அது பஸ்ஸின் பின்னால் ஓடி மறைந்தது. இறங்கக் கேட்டால் மாமா கண்ணைத் திறக்காமலே, "எறங்கினா அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணித்தியாலம் மகள். அதுக்குள்ள ஒரு நடை போய் வந்திரலாம்" என்பார். நான் அழுதால் உடனே இளகும் உம்மாவும், "நாளைக்கி மகள், நாளைக்கி" என்று சொல்லி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளே படங்குத் திரையைத் தம் கையாலேயே சுருட்டி மேலே கட்டிவிட்டிருந்தார். மழைத்தூறல் முகத்தில் அடித்தாலும் துடைக்கவில்லை.

ஏழாம் நாள் நான் போத்தலோடு வாப்பாவின் முன் போய் நின்றேன். வாப்பாவுக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

"கேட்டியா மச்சான்? ஒரு வாரமா ஓடியும் புள்ளைக்கி ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இப்ப பாரு, ஒரு டிக்கெட்டில காரியம் முடியிது!"

நால்வரும் ஏறினோம். அருவியடியில் வாப்பா பஸ்ஸை நிறுத்தச் சொல்லி என்னை இறக்கி, தாமும் இறங்கி, உம்மாவையும் அழைத்தார். உம்மா எழும்பவில்லை; மாமாவும் தேசிக்காயோடு இருந்த இடத்திலேயே இருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் தண்ணி அள்ளுங்க. நான் இன்னொரு நடை போய் வாறேன்."

வாப்பா வாய் திறந்தார். "பாப்பம்" என்று சொல்வதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.

அருவி நீரின் குளிர்ச்சியை என் கை இன்றும் மறக்கவில்லை. போத்தலை நிரப்பி, சட்டையை நனைத்து, வாப்பா உடுத்திருந்த சாரத்தையும் நனைத்தேன். அவர் ஏசாமல் சிறுவனைப் போலச் சிரித்தார். பஸ் மேல் வளைவில் ஏறியபோது அண்ணாந்து பார்த்தேன். முக்காடு நழுவிய தலையுடன், காற்றில் கை நீட்டி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு உம்மா போனார். எனக்குத்தான் கைகாட்டுகிறார் என்றெண்ணிப் போத்தலை உயர்த்திக் காட்டினேன். உம்மாவின் முகமோ எதிர்ப்பக்க மலையை நோக்கியிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் ஓதல் பள்ளிப் பிள்ளைகள் என் போத்தலை வாங்கி ஆளுக்கொரு மிடறு குடித்துவிட்டு, "எங்கட கிணத்துத் தண்ணிதானே இது!" என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். வாப்பாவும் மாமாவும் பாஸா டிக்கெட்டா என்ற வழக்கைப் பெருநாள்தோறும் புதுப்பித்து, இருவரும் வென்றுகொண்டே இருந்தார்கள்.

சில மாதங்களின் பின், அலுமாரியில் உம்மாவின் கலியாணச் சேலைக்கடியில் அந்தப் பாஸைக் கண்டேன். உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே அதிலிருந்த திகதியை விரல் வைத்துக் காட்டி, எழுத்துக்கூட்டி வாசித்து விளக்கினேன்.

"இது முடிஞ்சு போச்சு உம்மா. இனி எந்தப் பஸ்ஸிலயும் ஏத்த மாட்டாங்க."

"ஓம் மகள்" என்றார் உம்மா. பாஸை என் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் சேலைக்கடியில் வைத்து, அலுமாரியைப் பூட்டினார்.

செல்லாத ஒன்றைப் பூட்டி வைக்கும் உம்மாவின் அறியாமையை எண்ணி அன்று நான் மிகவும் இரங்கினேன்.